பதினோரு தப்படி

இதை நான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், எதை முதலில் சொல்ல வேண்டும், எதைக் கடைசியில் சொல்ல வேண்டும் என்பது எனக்கு ஒருநாளும் பிடிபட்டதில்லை, கடைக்குப் போய்வந்த கதையைச் சொன்னால்கூட என் வீட்டுக்காரர் சூசைமாணிக்கம், "ஏ கபிரி, நீ கடைக்குப் போனியா இல்லையா, அதை முதல்ல சொல்லு" என்பார். கடைக்குப் போன கதை தப்பிப்போனால் குடி முழுகாது. இது தப்பிப்போனால் நான் வேண்டுமென்றே செய்தேன் என்று ஆகிவிடும். ஆனால் படிக்கிற நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள், எங்கள் ஊரில் தூரத்தில் நிற்கிறவர்களுக்குத்தான் எதுவும் சரியாகத் தெரிகிறது, அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்.

எங்கள் ஊர் வெண்கரை, கொள்ளிடத்தின் தென்கரையில் இருக்கிறது. ஊர் சின்னது, கோயில் பெரியது. இரட்டைக் கோபுரம் வைத்த பேராலயம், ஆற்றில் தண்ணீர் போகிற மாதங்களில் கோபுரம் இரண்டும் தலைகீழாகத் தண்ணீரில் இறங்கி நிற்கும். அந்தக் கோயிலின் மேற்குச் சுவரில் ஒரு படம் தொங்கியது. நூறு வருஷத்துக்கு முன்னால் பிரான்சு தேசத்திலிருந்து வந்த அல்போன்சு சாமி வரைந்த படம். அவர் சாமியார் ஆவதற்கு முன்பு அங்கே புள்ளி வைத்தே படம் போடுகிற ஆட்களோடு இருந்து கற்றுக்கொண்டாராம், இங்கே வந்து ஆற்று மணலில் குடையை நட்டு மூன்று வருஷம் உட்கார்ந்து, எந்த வண்ணத்தையும் எந்த வண்ணத்தோடும் கலக்காமல், நீலத்துக்குப் பக்கத்தில் ஆரஞ்சு, சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை என்று கடுகு கடுகாக வைத்து எங்கள் ஊரைப் போட்டார். கிட்டப் போய்ப் பார்த்தால் புள்ளிதான், வேறொன்றும் இல்லை. பதினோரு தப்படி பின்னால் வந்து நின்றால் ஆறு தெரியும், படித்துறை தெரியும், ஓட்டுவீடுகள் தெரியும், இரண்டு கோபுரத்திலும் சாயங்கால வெயில் தெரியும். அந்த இடத்தில் தரையில் ஒரு பித்தளைப் பட்டை பதித்திருந்தார்கள். படத்துக்கு ஊர் வைத்த பெயர் அம்மைப் படம். ஊருக்கே அம்மை போட்டிருக்கிறதாம்.

திருவிழாக் கொடியேற்றத்துக்கு முதல்நாள் எங்கள் தெருப் பெண்கள் கோயில் கழுவுவது வழக்கம். இன்ன வீட்டுக்கு இன்ன இடம் என்று பாத்தியதை உண்டு. மெழுகுதிரித் தண்டுகளைப் புளி போட்டுத் தேய்க்கும் வீடு, பெஞ்சுகளைத் துடைக்கும் வீடு, மணிக்கூண்டைப் பெருக்கும் வீடு. எங்கள் வீட்டுக்கு மேற்குச் சுவர். சுவரில் தொங்குகிற படங்களின் கண்ணாடியை எல்லாம் பூந்திக்கொட்டைத் தண்ணீரால் கழுவ வேண்டும், ஒன்றுகூட விடக்கூடாது, விட்டால் அந்த வருஷம் அந்த வீட்டில் பிறக்க வேண்டியது பிறக்காது என்பார்கள். என் மகள் ஜெனோவா அப்போது நாலு மாதம் முழுகாமல் இருந்தாள். மருமகன் ரபேல் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்ததால் பிரசவத்துக்கு முன்கூட்டியே எங்களோடு வந்திருந்தாள், அதற்கு முந்தைய வருஷம் ஒன்று தங்காமல் போயிருந்தது.

பதின்மூன்று படம் கழுவி முடித்துக் கடைசியாக அம்மைப் படத்துக்கு வந்தபோது அதன்மேல் கண்ணாடி இல்லை. சட்டத்தில் கரையான் ஏறியதால் கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை இஞ்ஞாசி கண்ணாடியைக் கழற்றி வைத்தவர் திரும்ப மாட்ட மறந்துவிட்டார். எனக்குத் தெரிந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், கண்ணாடி இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. துணியைப் பிழிந்து கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். கழுவினால் படம் என்ன ஆகுமோ, கழுவாவிட்டால் ஜெனோவா என்ன ஆவாளோ. கழுவினேன். லேசாகத்தான், முகம் துடைக்கிற மாதிரி, மேலிருந்து கீழாக ஒரே ஒரு தடவை.

மறுநாள் காலையில் படத்தில் ஒன்றும் இல்லை. வெள்ளைத் துணி மட்டும் சட்டத்துக்குள் விறைப்பாக இருந்தது. புள்ளிகளெல்லாம் எங்கள்மேல் இருந்தன.

நான் முதலில் பார்த்தது என் வீட்டுக்காரரை. காப்பி கொண்டுபோய் நீட்டினேன், அவர் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கத்தரிப்பூ வண்ணமும் சாம்பலும் நடுநடுவே மஞ்சளுமாகப் புள்ளிகள் நின்றன. "என்னடி இப்படி இருக்கே?" என்று அவர் கேட்டார். "நீங்க எப்படி இருக்கீங்கன்னு பாருங்க முதல்ல" என்றேன். அவர் எழுந்து வாசலைத் தாண்டி வேப்பமரம் வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்து, "இங்கேருந்து நல்லாத்தான் இருக்கே" என்றார். அங்கிருந்து அவரும் நன்றாகத்தான் இருந்தார், மீசையில் காப்பி ஒட்டியிருந்தது. தெரு முழுவதும் அன்று காலை ஆட்கள் ஒருவரை ஒருவர் விட்டுப் பின்னால் நடந்துகொண்டிருந்தார்கள்.

தொட்டாலும் அப்படித்தான். ஆளைக் கிட்டத்தில் தொட்டால், கையைத் தலைக்கு அடியில் வைத்துத் தூங்கி எழுந்த மாதிரி மரமரவென்று இருந்தது. முதலில் விரல், பிறகு உள்ளங்கை, ஒரு வாரத்தில் உள்ளே எங்கோ இருக்கிற ஒன்றும் மரத்துப்போனது. வலிக்கவில்லை. அதைப் பற்றிப் புகார் சொல்லலாம் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை.

கண் டாக்டர் கண் சரியாக இருக்கிறது என்றார். பாலம் தாண்டிப் பக்கத்து ஊருக்குப் போனவர்களோடு அதுவும் கூடவே போனது. சோப்பு, சீயக்காய், மஞ்சள், தீர்த்தம் எல்லாம் போட்டுப் பார்த்தார்கள். பூந்திக்கொட்டையை யாரும் போடவில்லை. எங்கள் ஊரில் அது பட்டுக்கும் நகைக்கும் படத்துக்கும்தான், உடம்புக்குப் போடுகிற பழக்கம் இல்லை.

பிறகு ஊர் பழகிக்கொண்டது. எவ்வளவு தூரம் என்பதில்தான் முதலில் தகராறு வந்தது, இஞ்ஞாசிக்கு நீளக்கால், அவருடைய பதினோரு தப்படி என் எதிர்வீட்டு மதலேன் அக்காவுக்குப் பதினைந்து. "உன் காலை வெட்டிக் கொண்டா இஞ்ஞாசி, வெச்சு அளந்துக்கறேன்" என்று அக்கா பங்குக் கூட்டத்திலேயே சொன்னாள். கடைசியில் பங்குச்சாமியார் சுவரிலிருந்து பித்தளைப் பட்டை வரைக்கும் கயிறு பிடித்து அளந்து, அதே நீளத்துக்கு வீட்டுக்கு ஒரு கயிறு மந்திரித்துக் கொடுத்தார். எல்லா வீட்டு வாசலிலும் கயிறு தொங்கியது. விருந்தாளி வந்தால் முதலில் கயிற்றின் ஒரு முனையைக் கொடுப்பார்கள், அவர் பின்னால் நடந்து போய்க் கயிறு விறைத்ததும் நின்று, "சௌக்கியமா?" என்பார். பெண் பார்ப்பது பள்ளிக்கூட மைதானத்துக்கு மாறியது. சவரக்கடைக்காரர் பழைய ஞாபகத்தில் முடி வெட்டினார். நற்கருணை வாங்கக் கண்ணை மூடி நாக்கை நீட்டுவோம், சாமியார் குத்துமதிப்பாக வைப்பார், மதலேன் அக்காவுக்கு இரண்டு தடவை மூக்கில் வைத்துவிட்டார். திரைக்குப் பின்னால் சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனம் மட்டும் அப்படியே இருந்தது, அங்கே ஏற்கெனவே யாரும் யாரையும் பார்ப்பதில்லை.

சண்டை குறைந்துபோனது. கிட்டப் போய்க் கையை ஓங்கினால் கன்னம் எது, தோள் எது என்று தெரியாது, தூரத்தில் நின்று கத்தினால் தொண்டைதான் கட்டும். மாமியாரும் மருமகளும் வாசலுக்கு ஒருத்தி கொல்லைக்கு ஒருத்தியாக நின்று சிரித்துக்கொண்டார்கள். "இது நல்லதுக்குத்தான்டி வந்திருக்கு, மாதாவே நம்மளைப் படமாக்கிட்டா" என்றாள் மதலேன் அக்கா. வெள்ளைத் துணிக்கு மாலை போட ஆரம்பித்தார்கள். அதை யாரும் கழுவவில்லை என்று நினைத்துத்தான் மாலை போட்டார்கள்.

ஒருநாள் இஞ்ஞாசி என் வீட்டு வாசலில் வந்து கயிற்று முனையை எடுக்காமலே பேசினார். கிட்டத்தில், புள்ளியாகவே நின்று.

"கபிரியேலம்மா, கூட்டத்துல கேக்கறாங்க. மேற்குச் சுவர் யாரு பாத்தியதைன்னு."

"எங்களோடதுதான். ஊருக்கே தெரியும்."

"நீ கண்ணாடியை மட்டும்தானே கழுவினே?"

 எனக்குத் தூக்கிவாரிப்போட வேண்டிய நேரம், ஆனால் அப்படி ஒன்றும் ஆகவில்லை, யாருக்கோ நடப்பதை எட்டி நின்று பார்ப்பதுபோல் இருந்தது.

"நான் கண்ணாடியைக் கழட்டினேன்னு யாருக்கும் தெரியாது" என்றார் அவர். "மாட்டிட்டேன் இப்போ. நீயும் கண்ணாடியைத்தான் கழுவினே. சரியா?"

"சரிங்க."

"தெரிஞ்சா உன்னைத்தான் முதல்ல ஊரைவிட்டு அனுப்புவாங்க. பிள்ளைத்தாச்சி வேற வீட்ல."

அவர் போய்ப் பதினோரு தப்படியில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், அப்போதுதான் அவருக்கும் பயம் என்பது தெரிந்தது. நான் உள்ளே வந்து உலை வைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து என் வீட்டுக்காரர் செத்துப்போனார். சைக்கிள் கடையில் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஊர் வழக்கப்படி பெஞ்சில் கிடத்தி, கயிறு பிடித்து வட்டம் போட்டு, எல்லோரும் வட்டத்துக்கு வெளியே நின்று அழுதார்கள். கண் லேசாகத் திறந்திருந்தது, மூடிவிடு என்றார்கள். நான் கிட்டப் போனேன். சாம்பலும் கத்தரிப்பூவும், மஞ்சள் மட்டும் குறைந்திருந்தது. எங்கே கண் என்று தெரியாமல் புள்ளிகளுக்குள் தடவி, வலது கட்டைவிரலால் இரண்டையும் மூடினேன். விரலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வட்டத்துக்கு வெளியே வந்து நின்று பார்த்தேன், நன்றாகத் தெரிந்தார், வேறு யாருடைய வீட்டுக்காரர் மாதிரியோ இருந்தார். எனக்கு அழுகை வரவில்லை. "நல்ல நெஞ்சுரம் கபிரிக்கு" என்று பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஜெனோவாவுக்குப் பெண் பிறந்தாள். அமலி என்று பெயர் வைத்தோம். பிறக்க வேண்டியது பிறந்துவிட்டது, நான் எதற்காகக் கழுவினேனோ அது நடந்துவிட்டது. சுகப்பிரசவம், மூன்று கிலோ, எல்லாம் புள்ளி.

இங்கேதான் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மற்றவர்களை எல்லாம் தூரத்தில் வைத்துப் பார்க்கலாம். பச்சைப்பிள்ளையைத் தூரத்தில் எப்படி வைப்பது? ஜெனோவா பிள்ளையை மடியில் போட்டுப் பால் கொடுப்பாள், மடியில் இளஞ்சிவப்பும் பாலாடை வண்ணமும் நெளியும். முகம் பார்க்க வேண்டுமென்றால் தொட்டிலில் போட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடப்பாள், கூடத்தைத் தாண்டி, நடையைத் தாண்டி, வாசல் படியில் போய்க் கயிறு விறைக்கும். அங்கே உட்கார்ந்தால் தெரியும், என் வீட்டுக்காரரின் நெற்றி, ரபேலின் காது. அவள் போய் உட்கார்ந்த உடனே பிள்ளை அழும். எழுந்து ஓடி வருவாள். வர வர முகம் கலைந்துகொண்டே வரும், தூக்கும்போது ஒன்றும் இருக்காது. அழுகை அடங்கும். தொட்டிலில் போடுவாள். மறுபடி பின்னால் நடப்பாள். ஒரு நாளைக்கு முப்பது தடவை, நாற்பது தடவை. செல்போனில் வாசலிலிருந்து படம் எடுத்து வைத்துக்கொண்டு விரலால் பெரிதாக்கிப் பார்ப்பாள், பெரிதாக்கினால் அதுவும் புள்ளியாகிவிடும். ரபேல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவன் பிள்ளையைக் கையில் வாங்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, "அத்தை, நான் வாசல்லேயே இருந்துக்கறேனே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

ஊரில் மற்றவர்கள் எல்லாம் மரத்துப்போனபோது ஜெனோவா மட்டும் மரத்துப்போகாமல் அடம்பிடித்தாள். அமலிக்கு ஆறு மாதம் நடந்தபோது ஒரு காலையில் வாசற்படியிலிருந்து கத்தினாள்.

"அம்மா, எம் புள்ள சிரிக்குதும்மா! யாரைப் பார்த்து சிரிக்குது?"

நான் தொட்டில் பக்கத்தில் நின்றிருந்தேன். "என்னைப் பார்த்துத்தான் போலிருக்கு."

"உனக்குத் தெரியுதா?"

"இல்லடி."

"என்னைப் பார்த்து ஒருநாளும் சிரிச்சதில்லம்மா. நான் தூக்கறப்ப அதுக்கு நானும் புள்ளிதானே? என் முகம் அதுக்கு வாசப்படியில இருக்கற யாரோ ஒருத்தி முகம்." கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "ஒரே ஒரு தடவை மடியில வெச்சு அது முகத்தைப் பார்த்துட்டா போதும். அதுக்கப்புறம் எப்படி இருந்தாலும் இருந்துக்குவேன். யாரு இதைப் பண்ணாங்களோ, அவங்க வீட்லயும் ஒரு குழந்தை இருக்காதா?"

"யாரும் பண்ணலடி, மாதா பண்ணது" என்றேன்.

அன்று மத்தியானம் கோயிலுக்குப் பின்னால் நிற்கிற பூந்திக்கொட்டை மரத்தடியில் பத்துக் கொட்டை பொறுக்கினேன். கழுவியதால் வெளியே வந்தது, இன்னொரு தடவை கழுவினால் போகுமோ என்று ரொம்ப நாளாகவே நினைத்திருந்தேன், நினைத்ததும் கூடவே அந்த வெள்ளைத் துணி ஞாபகம் வரும். புள்ளி போனால் அடியில் முகம் இருக்குமா, ஒன்றும் இல்லாமல் வெளுத்துக் கிடக்குமா? அதனால்தான் இவ்வளவு நாள் தள்ளிப்போட்டேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

மறுநாள் காலை கொல்லையில் காலை நீட்டி உட்கார்ந்து, அமலியைக் கணுக்காலில் தலைவைத்துப் படுக்கப் போட்டேன். பக்கத்தில் செம்பில் கொட்டைத் தண்ணீர் நுரைத்துக்கொண்டிருந்தது. ஜெனோவா வாசலிலிருந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டின் ஊடே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைமேல் ஊற்றுவதற்கு முன் என் வலது கட்டைவிரலைச் செம்பில் விட்டுத் தேய்த்துப் பார்த்தேன்.

புள்ளிகள் கழன்றன. நீலமும் ஆரஞ்சுமாக, கடுகு மிதப்பதுபோல் தண்ணீரில் மிதந்தன. அடியில் என் விரல் இருந்தது. வெளுக்கவில்லை, ஒன்றும் ஆகவில்லை, அரிவாள்மனை கீறிய பழைய தழும்பும் கோணல் நகமுமாக என் கண்ணுக்குக் கிட்டத்தில், நான் ஒரு வருஷமாகப் பார்க்காத என் விரல். அதை அமலியின் கன்னத்தில் வைத்தேன். சூடாக இருந்தது. பூப்போல என்று சொல்வார்கள், பூப்போல இல்லை, அப்போதுதான் வெந்த இடியாப்பத்தின் சூடு. உதட்டோரத்தில் ஒரு குழி இருந்தது, வாசலிலிருந்து யாருக்கும் தெரியாத சின்னக் குழி. அது என் விரலுக்குக் கீழே அசைந்தது. பிள்ளை சிரித்தது.

அடுத்த நொடி விரலுக்கு இன்னொன்று தெரிந்தது. இரண்டு இமைகள். குளிர்ந்து, கொஞ்சம் ஈரமாக, ஒன்று உடனே மூடி இன்னொன்று மூடாமல் மறுபடி அழுத்த வேண்டியிருந்த இமைகள். அன்று என் விரல் தொட்டும் எனக்கு வராமல் போனது, எங்கேயும் போய்விடவில்லை, விரலுக்குள்ளேயே இருந்திருக்கிறது. ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு என் வீட்டுக்காரர் செத்துப்போனார். அந்த அகலமே எனக்குத் தாங்கவில்லை. மீதி விரல்கள் இருந்தன. கை, முகம், நெஞ்சு எல்லாம் இருந்தன. ஊர் முழுவதும் அப்படி இருந்தது, அத்தனை பேர் வீட்டிலும் ஒரு வருஷத்துக்கு உள்ளது உள்ளே இருந்தது, அதற்கெல்லாம் காரணம் நான்.

செம்பைக் கவிழ்த்துவிட்டேன்.

"என்னம்மா, தண்ணி கொட்டிடுச்சா?" ஜெனோவா வாசலிலிருந்து கேட்டாள்.

"சூடு ஜாஸ்திடி. வேற விளாவிக்கறேன்."

"அழறியா?"

"நுரை கண்ணுல பட்டுடுச்சு."

அமலிக்கு உள்ளே சேர்த்து வைத்ததென்று ஒன்றும் இல்லை, ஆறு மாதப் பிள்ளைக்கு என்ன இருக்கும், அவளைக் கழுவியிருந்தால் அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அது எனக்குத் தெரியும். ஜெனோவாவுக்கு உள்ளே அவள் அப்பாவின் சாவு இருந்தது, ஆனால் அவள் தாங்குவாள், அவள் அடம்பிடிக்கிறவள். அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் முகம் தெரிந்த மறுநிமிஷம் ஜெனோவா கேட்கிற முதல் கேள்வி, இந்தத் தண்ணி உனக்கு எப்படித் தெரியும் என்பதாகத்தான் இருக்கும். வெறும் தண்ணீரை ஊற்றிக் குளிப்பாட்டித் துவட்டித் தொட்டிலில் போட்டேன். அவள் எழுந்து உள்ளே வர, நான் கொல்லைப் பக்கமாக வெளியே போய்விட்டேன்.

இஞ்ஞாசியிடம் போய், "அந்தப் பூந்திக்கொட்டை மரத்து வேர் கோயில் சுவரைப் பிளக்குது" என்றேன். சுவரில் ஒரு கீறலும் இல்லை. அவர் என்னைப் பார்க்கப் பதினோரு தப்படி பின்னால் போனார், என் முகத்தைப் பார்த்தார், ஏன் என்று கேட்கவில்லை. அடுத்த நாள் மத்தியானத்துக்குள் மரம் இல்லை. உதிர்ந்து கிடந்த கொட்டைகளை நானே கூட்டிப் பெருக்கிச் சாக்கில் கட்டி ஆற்றில் விட்டேன், கோபுரங்கள் தலைகீழாக நிற்கிற இடத்தில். இந்த வருஷக் கொடியேற்றத்துக்கு மேற்குச் சுவரை எலுமிச்சம்பழம் போட்டுக் கழுவச் சொல்லிவிட்டார்கள்.

விரலை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. காற்றுப் பட்டாலும் அதற்குத் தெரிகிறது. அதனால் வெள்ளைத் துணி கிழித்துச் சுற்றி வைத்திருக்கிறேன். கேட்கிறவர்களிடம் அரிவாள்மனை வெட்டிவிட்டது, ஆறவே மாட்டேன் என்கிறது என்பேன். ஜெனோவா வாசலில் இருக்கும்போது எப்போதாவது துணியைத் தளர்த்தி, அமலியின் உதட்டோரத்துக் குழியில் ஒரு தடவை வைத்து எடுத்துவிடுவேன், அதற்குமேல் வைத்தால் இமை வந்துவிடும்.

நேற்று அமலி அந்த விரலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பல் முளைக்கிற வயசு, துணியின் நுனியை ஈறால் கவ்வி இழுத்தாள். வாசலிலிருந்து ஜெனோவா, "என்னம்மா பண்றா?" என்றாள். "ஒண்ணுமில்ல, விளையாடறா" என்று சொல்லிவிட்டு, நுனியை அவள் வாயிலிருந்து மெல்ல எடுத்து, விரலைச் சுற்றி இன்னொரு சுற்றுச் சுற்றி, பல்லால் கடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.